ஸ்டெப்னி இல்லாத கார்ல வால்பாறை போகலாமா?

ஆழியாறு_ரோடு:
இரட்டை சிலிண்டர் சிஎன்ஜி கார் எடுத்திருக்கோம். ஸ்டெப்னி கிடையாது. சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற பசை) பாட்டிலும் காத்தடிக்கிற சின்ன கம்ப்ரஸரும்தான் கம்பெனி கொடுத்தது. அடுத்த வாரம் குடும்பத்தோட வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. போலீஸ் பிடிச்சா ஃபைனா? பஞ்சரானா என்ன வழி?

ரப்பர்வாசம்:
ஃபைன் பயம் வேண்டாம். ட்யூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ் (டயர்ல காத்து குறைஞ்சா எச்சரிக்கிற சிஸ்டம்), ரிப்பேர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லன்னு 2020 அக்டோபர்லேர்ந்தே விதி இருக்கு.

சீலன்டைக் கடைசி ஆயுதமா வைங்க. உள்ள போனா டயர் முழுக்கப் பசையாகிடும், அப்புறம் பஞ்சர் கடைக்காரர் கழுவித்தான் வேலை பார்க்கணும். ஆணி குத்தி காத்து மெதுவா இறங்குதுன்னா ஆணியைப் பிடுங்காதீங்க. இன்ஜினை ஓடவிட்டு, கம்ப்ரஸரால கதவுத் தூண் ஸ்டிக்கர்ல இருக்கிற பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் ஏத்திட்டு நேரா கடைக்கு விடுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல ஓட்டினா கம்ப்ரஸர் சூடாகும், ஆறவிட்டு மறுபடி போடுங்க.

ஸ்பேனர்_12:
ஸ்ட்ரிப் கிட் (ஓட்டையில ரப்பர் பட்டையைச் செருகி அடைக்கிற செட்) ஒண்ணு தனியா வாங்கிக்கங்க. ஆணி எந்தக் கோணத்துல போயிருக்குன்னு பார்த்துட்டுப் பிடுங்கி, அதே கோணத்துல ரீமரை (ஓட்டையை அராவுற கம்பி) நல்லா விட்டு எடுங்க. இங்கதான் பலரும் சொதப்புவாங்க: ஓட்டை சொரசொரப்பா ஆகலைன்னா ஸ்ட்ரிப் பிடிக்காது. ஸ்ட்ரிப்பைப் பாதி வரைக்கும் ஊசியில கோத்து, சொல்யூஷன் தடவி, அரை இன்ச் வெளிய நிக்கிற மாதிரி குத்தி, ஊசியை வெடுக்குன்னு இழுங்க. நீட்டிட்டு இருக்கிறதை வெட்டி, காத்தடிச்சு, சோப்புத் தண்ணி ஊத்துங்க. குமிழி வந்தா இன்னொரு ஸ்ட்ரிப்.

இதெல்லாம் தரையில படுற பகுதிக்கு மட்டும். சைடு வால் (டயரோட பக்கவாட்டுப் பகுதி) கிழிஞ்சா சீலன்டும் நிக்காது, ஸ்ட்ரிப்பும் நிக்காது. மலையில அதுதான் ஆபத்து: எதிர்ல பஸ் வருதுன்னு தார் விளிம்பை விட்டு இறங்கி ஏறுறப்ப கல்லு கிழிச்சிடும். மெதுவா ஏத்துங்க. கிழிஞ்ச டயரோட கொஞ்ச தூரம் உருட்டினாலும் ரிம்மும் போச்சு. இன்சூரன்ஸ்ல ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இப்பவே பாருங்க; டவர் எல்லா இடத்துலயும் கிடைக்காது.

ஆழியாறு_ரோடு:
ஸ்டீல் ரிம்மோட ஒரு டயர் வாங்கி டிக்கியில போட்டுட்டா?

ரப்பர்வாசம்:
இந்த ரோட்டுக்கு அதுதான் சரி. ஜாக்கி, வீல் ஸ்பேனர் வண்டியில இருக்கான்னு பாருங்க, ஸ்டெப்னி இல்லாத மாடல்ல அதுவும் இருக்காது. அலாய்க்கான நட்டு சில வண்டியில ஸ்டீல் ரிம்முக்குச் சேராது, வாங்குற கடையிலயே மாட்டிப் பாருங்க. டிக்கியில டயரை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்க. பிரேக் அடிச்சா 15 கிலோ பின்சீட் மேல வந்து விழும்.

ஸ்பேனர்_12:
சீலன்ட் பாட்டில்ல எக்ஸ்பைரி தேதியையும் பார்த்துக்கங்க. சீலன்ட் போட்டா 80 கிமீ வேகத்துக்கு மேல ஓட்டாதீங்க.