கலைச்சொல்: விடுபட்ட கருவியா, உடன்வராக் கருவியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஜூரோங்கில் சனிக்கிழமைதோறும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலருக்குக் கோ (Go) நிரல்மொழி சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி பழைய பாடக்குறிப்பைப் பார்த்து, கட்டளை வரியில் ‘கோடாக்’ (godoc) என்று தட்டியிருக்கிறாள். கோ நிரல்களின் ஆவணத்தைக் காட்டும் கருவி அது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி கைவிரித்துவிட்டது. தான்தான் தப்பாக நிறுவிவிட்டோம் என்று எண்ணி, மூன்று முறை அழித்து அழித்து நிறுவியிருக்கிறாள்.

அவள் மீது தப்பே இல்லை. 2019 செப்டம்பரில் வந்த கோ 1.13ஆம் பதிப்போடு கோடாக்கைப் பொதியிலிருந்து, அதாவது நாம் இறக்கி நிறுவும் தொகுப்பிலிருந்து, எடுத்துவிட்டார்கள். வேண்டியவர்கள் தனியே நிறுவிக்கொள்ளட்டும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப் பொதியோடு வராத கருவியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். ஐயாவின் பதில்:

> ‘இருமப் பொதியில் விடுபட்ட கருவி’ என்று எழுதலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, பொதியும் கருவியும் சரி. மற்ற இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை.

விடுபட்டது என்றால் கைதவறியது. திருமண அழைப்பிதழில் சித்தப்பா பெயர் விடுபடும். பிறகு வீட்டில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது. கோடாக் அப்படி விடுபடவில்லை, தெரிந்தே விட்டார்கள். அதுவும் ஒரே நாளில் அல்ல. 2013 இறுதியில் வந்த 1.2ஆம் பதிப்பிலேயே அதன் மூல நிரல், அதாவது மனிதர் எழுதிய வடிவம், வேறு களஞ்சியத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஆக்கி முடித்த கருவி மட்டும் பொதியோடு தொடர்ந்து வந்தது. 1.12இல் கட்டளை வரியில் ஆவணம் காட்டும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, உலாவியில் ஆவணம் காட்டும் இணைய வழங்கியாக மட்டும் விட்டுவைத்தார்கள். அடுத்த பதிப்பில் அதுவும் பொதிக்கு வெளியே. கட்டளை வரி வேலையை இன்று ‘கோ டாக்’ (go doc) செய்கிறது. நடுவில் ஓர் இடைவெளிதான் வேறுபாடு. நம் குறிப்பில் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

ஆகவே நான் முன்வைப்பது: பொதியோடு வருவது ‘உடன்வரு கருவி’, வராதது ‘உடன்வராக் கருவி’. முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ‘ஓடாக் குதிரை’ போல ஒற்று மிகும். அந்த ஒரு ‘க்’கிலேயே கருவி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று காதுக்குத் தெரிந்துவிடும். இதைச் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள், ஆனால் மறக்கவில்லை.

‘இருமப் பொதி’ இன்னும் வம்பு. இருமம் (binary) என்றால் கணினிக்கு மட்டும் புரியும் வடிவம். கோ பொதியைப் பிரித்துப் பாருங்கள்: செந்தர நூலகம் (மொழியோடு வரும் பொது நிரல்கள்) முழுவதும் படிக்கக்கூடிய மூல நிரலாகவே உள்ளே கிடக்கிறது. 2023இல் வந்த 1.20லிருந்து அந்த நூலகத்தை முன்கூட்டியே இயந்திர வடிவுக்குத் தொகுத்து அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். இருமம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே எழுத்தைக் காட்டினால் புதியவர் குழம்பமாட்டாரா? பிரித்ததும் பயன்படுத்தலாம் என்பதுதானே இங்கே முக்கியம்? தேக்கா நிலையத்து மேல்மாடியில் துணி வாங்கித் தைக்கவும் கொடுக்கலாம், ஆயத்த ஆடையும் வாங்கலாம். அந்த ‘ஆயத்த’த்தை எடுத்துக்கொண்டு ‘ஆயத்தப் பொதி’ என்போம். துணியாக வருவது ‘மூலப் பொதி’.

*

தம்பி,

உடன்வராக் கருவிக்கு என் வாக்கு. ஆயத்தப் பொதியும் பிடித்திருக்கிறது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த 1.25ஐ மறந்துவிட்டீர்கள். நிரலைக் கட்டவும் சோதிக்கவும் தேவைப்படாத கருவிகளை இப்போது ஆக்கி அனுப்புவதில்லை. ‘கோ டூல்’ (go tool) என்ற கட்டளையால் கேட்கும்போதுதான் அந்த இடத்திலேயே கட்டி ஓட்டுகிறது. மூலம் உள்ளே இருக்கிறது, கருவி இல்லை. இது உடன்வருவதா, வராததா?

*

அக்கா,

மாட்டிக்கொண்டேன். புரோட்டாக் கடையில் மாவு உருண்டை பிடித்து வைத்திருப்பார்கள், நாம் கேட்ட பிறகுதான் தட்டிக் கல்லில் போடுவார்கள். அதுதான் இது. மாவு கடையில் இருப்பதால் உடன்வருவதாகவே கொள்கிறேன். ‘கேட்டதும் கட்டும் கருவி’ என்று விளக்கமாக எழுதிவிடலாம், தனிச்சொல் வேண்டாம். சனிக்கிழமை இந்தச் சொற்களை எல்லாம் பலகையில் எழுதிப் பார்க்கிறேன். மாணவர்கள் வாயில் நுழையாவிட்டால் ஐயாவின் ‘இருமப் பொதி’க்குக்கூடத் திரும்பத் தயார். ‘விடுபட்ட’வுக்கு மட்டும் மாட்டேன்.