சொந்த டொமைன் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றியதும் புக்கிங் வருவதில்லை (அவசரம்)

ஹப்புத்தளை ஹோம்ஸ்டே: தளம் ஓடுகிற ஹொஸ்டிங்கோடு இருந்த மெயிலைப் போன கிழமை ஜோஹோ என்கிற மெயில் சேவைக்கு மாற்றினேன். எல்லாம் சொன்னபடிதான் செய்தேன், ஆனால் மெயில் வரவில்லை. சீசன் நேரம். லிப்டன் சீட் பார்க்க வருகிற ஆட்கள் பதில் இல்லையென்று வேறு இடம் போகிறார்கள். என்ன செய்யலாம்?

பண்டாரவளை பையன்: ஒன்றுமே வரவில்லையா, சிலது மட்டுமா? டொமைன் எங்கே வாங்கினது? பிழைச் செய்தி ஏதாவது?

கோப்பிக்கடை: ஸ்பாமில் பாருங்கள் அண்ணே. எனக்கு எப்போதும் அங்கேதான் கிடக்கும்.

நெட்வொர்க் மாமா: எம்எக்ஸ் என்றால் என்னவென்று தெரியாமலே மெயில் மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். தம்பி, டொமைனுக்கு வருகிற மெயில் எந்த சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற பதிவுதான் எம்எக்ஸ். அதில் சின்ன எண்ணுக்குத்தான் முதலிடம். ஜோஹோவுக்கு 10, 20, 50 போட்டிருப்பீர். பழைய ஹொஸ்டிங்கின் 0 அப்படியே இருந்தால் எல்லாம் அங்கேதான் போகும். இதை எத்தனை தடவை எழுதுவது?

ஹப்புத்தளை ஹோம்ஸ்டே: பழைய எம்எக்ஸை அழித்துவிட்டேன் ஐயா. ஸ்பாமிலும் இல்லை.

கோப்பிக்கடை: அப்போ எஸ்பிஎஃப், உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சேர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்கிற வரி. இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது.

நெட்வொர்க் மாமா: அது அனுப்புகிற மெயிலுக்கு. இவர் கேட்பது வருகிற மெயில்.

நானுஓயா: போனில் இருக்கிற மெயில் ஆப்பில் பார்க்கிறீர்களோ? ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐமேப் (வேறு ஆப்பில் மெயில் பார்க்கிற வழி) இல்லை, அவர்களுடைய ஆப்பில்தான் பார்க்கலாம். காசு கொடுத்து புரோட்டோன் மெயிலுக்குப் போயிருக்கலாம், சுவிஸ்காரன்.

கோப்பிக்கடை: ஐந்து பேருக்கு இலவசமாக, அதுவும் சென்னைக் கம்பனி தருகிறான். ஹோம்ஸ்டேக்கு சுவிஸ் எதற்கு? அதைவிட டொட் கொம்மை விட்டு டொட் இலங்கை எடுங்கள். தமிழில் பெயர், பார்க்கவே அழகு.

நெட்வொர்க் மாமா: அழகுதான். 2010இலிருந்து இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து மின்னஞ்சலை ஏற்காத சேர்வர் இன்னும் நிறைய. புக்கிங் போர்மில் வெள்ளைக்காரன் அதை எப்படித் தட்டுவான்?

கோப்பிக்கடை: எல்லாரும் இப்படிச் சொன்னால் எப்போதுதான் வளரும்?

பதுளை கடைசி பஸ்: சண்டையை அப்புறம் பிடியுங்கள். ஹப்புத்தளை, ஜிமெயிலிலிருந்து உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

ஹப்புத்தளை ஹோம்ஸ்டே: அது உடனே வருகிறது. தளத்தில் இருக்கிற புக்கிங் போர்மை நிரப்பினால்தான் வரவில்லை.

பண்டாரவளை பையன்: அடப்பாவி மனுசா, இதைத்தானே முதலில் கேட்டேன்!

பதுளை கடைசி பஸ்: அப்படியென்றால் விஷயம் இதுதான். போர்ம் ஓடுவது பழைய ஹொஸ்டிங் சேர்வரில். உங்கள் டொமைனின் மெயில் இன்னும் தன்னிடமே இருப்பதாக அது நினைக்கிறது. அதனால் எம்எக்ஸைப் பார்க்காமலே தன் பழைய பெட்டியில் போட்டுக்கொள்கிறது. ஹொஸ்டிங்கை நிர்வகிக்கிற சிபேனலில் ‘ஈமெயில் ரவுட்டிங்’ போய் ‘லோக்கல்’ இருப்பதை ‘ரிமோட்’ ஆக்குங்கள். பழைய கணக்கை உடனே அழிக்க வேண்டாம், முதலில் அதன் வெப்மெயிலில் நுழைந்து பாருங்கள், புக்கிங் எல்லாம் அங்கே இருக்கும். போர்ம் உங்கள் முகவரியிலேயே அனுப்புவதால் கோப்பிக்கடை சொன்ன எஸ்பிஎஃபும் தேவைதான்: ஹொஸ்டிங், ஜோஹோ இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

நெட்வொர்க் மாமா: நான் சொல்ல வந்ததும் இதுதான்.

நானுஓயா: 😂

ஹப்புத்தளை ஹோம்ஸ்டே: ரிமோட் ஆக்கினேன், வருகிறது. பழைய பெட்டி நிறைய புக்கிங். பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி அண்ணே.

பண்டாரவளை பையன்: எஸ்பிஎஃப் மாற்றியாச்சா?

கோப்பிக்கடை: ஆள் போயிட்டார். மாமா, டொட் இலங்கை வாங்க இப்போது எவ்வளவு?