இலை மட்டும் தந்த சர்க்கரைவள்ளி

சர்க்கரைவள்ளியை முதன்முறை பயிரிட்டு, நான்கு மாதம் காத்திருந்து தோண்டியபோது எனக்குக் கிடைத்தவை சுண்டுவிரல் பருமனில் சில வேர்கள் மட்டுமே. கொடியோ பாத்தியைத் தாண்டிப் படர்ந்து, பார்த்தவர்கள் எல்லாம் மெச்சும் அளவுக்குச் செழித்திருந்தது. அந்தச் செழிப்பே கோளாறின் அடையாளம் என்பது அப்போது விளங்கவில்லை. கீரைப் பாத்திக்கு இடுவதுபோல் எருவையும் பிண்ணாக்கையும் அள்ளிப் போட்டிருந்தேன். தழைச்சத்து மிகுந்தால் இந்தப் பயிர் இலைக்கும் தண்டுக்குமே உணவைச் செலவிட்டு, வேரைப் பருக்கவிடாது.

மறுமுறை மட்கிய எருவைச் சிறிதளவே கலந்து, மண்ணைப் பொலபொலவென்று 30 செ.மீ. உயரத்துக்கு மேடாக்கினேன். கொடியின் நுனிப் பகுதியிலிருந்து 25 செ.மீ. நீளத் துண்டுகளை வெட்டி, மூன்று கணுக்களாவது மண்ணுக்குள் இருக்குமாறு சாய்த்து நட்டு, வேர் பிடிக்கும்வரை மட்டும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். படரும் கொடி மண்ணைத் தொடும் கணுக்களில் எல்லாம் புதிதாக வேர்விட்டு, பயனற்ற சிறு கிழங்குகளாகச் சத்தைப் பங்கிட்டுவிடும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை கொடியைத் தூக்கிப் புரட்டிவிட்டேன். இம்முறை செடிக்கு நான்கைந்து கிழங்குகள் கிடைத்தன. அன்றே வேகவைத்துத் தின்று, இனிப்பில்லையே என்று வருந்தினேன். வெதுவெதுப்பும் காற்றில் ஈரமும் உள்ள நிழலில் ஒரு வாரம் வைத்தால் தோலின் காயங்கள் ஆறும். அதன்பின் இருப்பு வைக்க வைக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, இனிப்பு கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தவை மட்டும் உள்ளே கட்டிதட்டி வீணாயின.

இனி வருவது, சர்க்கரைவள்ளி பயிரிட்ட இன்னொருவரான என் அனுபவம். மேலே எழுதியவருக்கு முதன்முறை விளைச்சலே வரவில்லை. எனக்கோ வந்த விளைச்சல் கூன்வண்டுக்குப் போயிற்று. வெளியில் சிறு துளைகள்தாம் தெரிந்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுவதும் புழு குடைந்த வழிகள், நல்ல பகுதியிலும் சகிக்க முடியாத கசப்பு. நீர் விடாமல் காயப்போட்டதில் மண் வெடித்து, அந்த வெடிப்புகளின் வழியே வண்டு கிழங்கை எட்டியிருக்கிறது. இப்போது கிழங்கு பருக்கத் தொடங்கியதும் மண் அணைத்து, வெடிப்புகளை உடனுக்குடன் மூடுகிறேன். முற்றிய தண்டில் முட்டை இருக்கக்கூடும் என்பதால் நானும் நுனிக்கொடியையே நடுகிறேன். பழைய பாத்தியில் இந்த ஆண்டு அவரை இருக்கிறது. தோண்டாமல் விடுபட்ட ஒரு கிழங்கு அதன் நடுவே முளைத்துவந்ததால், அதையும் அகழ்ந்தெடுத்து எரித்துவிட்டேன்.