சுகாதார நிலைய வாசலில் கேட்டால் எல்லாரும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறார்கள். கேள்வியை எப்படி மாற்றுவது?

பெரம்பூர் வாசி:
எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம், வார்டில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கிறது. நோயாளியின் திருப்தியை அளக்கும் பி.எஸ்.க்யூ-18 என்ற கேள்வித்தாளைத் தமிழாக்கி, நோயாளி வெளியே வரும்போதே கேட்கிறோம். முதல் கட்டுத் தாள்களில் ஏறக்குறைய எல்லாமே ‘திருப்தி’. ஆனால் தெருவுக்குள் வந்தால் அதே ஆட்கள் காத்திருப்பையும் மாத்திரையையும் பற்றிப் புலம்புகிறார்கள். எங்கே தப்பு? எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

கணக்குப்பிள்ளை:
அந்தத் தாள் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கும் ஊருக்காக எழுதியது சார். 18 கேள்வியில் 2 செலவைப் பற்றியவை. இங்கே சீட்டும் மருந்தும் இலவசம், ஆகவே அந்த இரண்டிலும் எல்லாரும் முழு மதிப்பெண் போடுவார்கள், சராசரி தானாக ஏறிவிடும். அவற்றை எடுத்துவிட்டு, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆச்சு, இன்றைக்குக் கூலி போச்சா, எழுதிக் கொடுத்ததில் எதையாவது வெளியே வாங்கச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல்: அந்தத் தாளில் பாதி கேள்வி நேராகவும் (நிறையைச் சொல்வது) பாதி தலைகீழாகவும் (குறையைச் சொல்வது) இருக்கும். ‘டாக்டர் சில சமயம் ரொம்ப அவசரப்படுறார், சரிதானே?’ என்று வாசித்தால் வயதானவர்கள் மரியாதைக்கு ‘ஆமாம்பா’ என்பார்கள். கூட்டும்போது தலைகீழ்க் கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். உங்கள் ஆட்கள் திருப்பினார்களா என்று முதலில் பாருங்கள்.

‘திருப்தியா?’ என்ற சொல்லையே விட்டுவிடலாம். நம் ஊரில் அது பந்தியில் இலை எடுக்கும்போது கேட்கும் கேள்வி, ‘இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். டாக்டர் தொட்டுப் பார்த்தாரா? என்ன வியாதி என்று சொன்னாரா? அடுத்து எப்போது வரணும் என்று தெரியுமா? கடைசியாக ஒன்று: ‘உங்க அக்காவுக்கு இதே தொந்தரவு வந்தா இங்கயே அனுப்புவீங்களா?’ இந்தக் கேள்விக்கு முன் வரும் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை நினைவிலிருந்து கேட்க வேண்டாம். கையகலத் தாளில் நான்கு கட்டம்: டோக்கன் வாங்கியது, டாக்டர் அறைக்குள் போனது, வெளியே வந்தது, மருந்து கைக்கு வந்தது. சுகர் பார்க்க வந்தவர்களைத் தனியாகப் பிரியுங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள் என்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு நிலையத்தைக் குறை சொல்ல முடியாது.

ஒரே நிலையம் என்றால் 100 பேர் போதும், வரும் விடை 10 சதவீதம் முன்பின் இருக்கும். 5 சதவீதத்துக்குள் வேண்டுமென்றால் 384 பேர், சங்கத்துக்கு அது தாங்காது. ஆறு நாளில் பிரித்து நாளுக்கு 17 பேர். அன்றைக்கு 120 டோக்கன் போகும் என்றால் ஏழாவது ஏழாவது டோக்கனாகப் பிடியுங்கள், 1 முதல் 7-க்குள் குலுக்கல் போட்டு ஆரம்பியுங்கள். ஆள் மறுத்தால் அடுத்த டோக்கன். திங்கட்கிழமைக் கூட்டமும் புதன்கிழமைத் தடுப்பூசிக் கூட்டமும் இரண்டுமே அந்த ஆறு நாளில் வர வேண்டும்.

மருந்துச் சீட்டு:
‘மருந்து இல்லை’ என்ற புகாரை நான்காகப் பிரிக்காமல் எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மருந்தே கிடையாதா, அளவு வேறா (500 இல்லாமல் 250 மில்லிகிராம்), நாள் குறைவா, இல்லை வேறு கம்பெனி அட்டை என்பதால் ‘மாத்திரையை மாத்திட்டாங்க’ என்று நினைத்தாரா? கடைசி ரகம் நிறைய வரும். கொள்முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக, மருந்தின் பொதுப் பெயரில் நடக்கிறது. ஒப்பந்தம் மாறினால் அட்டையின் நிறமும் மாறும்.

நாள் கணக்கைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் காலை ஒன்று, இரவு ஒன்று, 30 நாள் என்றால் 60 மாத்திரை, பத்து மாத்திரை அட்டையில் ஆறு. கையில் மூன்று அட்டைதான் இருந்தால் 15 நாளில் மறுபடி வரணும், இன்னொரு கூலி போகும். வாயில் வரும் புகார் ‘கூட்டம்’, காரணமோ மருந்து தரும் ஜன்னல்.

கையோடு ‘இதை எப்படிச் சாப்பிடுவீங்க?’ என்று கேளுங்கள். உறையைப் பார்க்காமல் சரியாகச் சொன்னால் ஒரு மதிப்பெண். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வெளியிட்ட மருந்துப் பயன்பாட்டுக் குறியீடுகளில் இதுவும் ஒன்று, எழுதியதில் எத்தனை கொடுக்கப்பட்டது என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் ஒரு நிலையத்துக்கு 30 பேர் போதும்.

சிஸ்டர் அக்கா:
மேலே சொன்னது சரி, ஆனால் நோயாளி திருப்தியும் நல்ல வைத்தியமும் ஒன்றில்லைங்க. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசி போடாமல் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் ‘ஒண்ணுமே பாக்கல’ என்பார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் தேவையில்லாத ஊசியும் நாலு கலர் மாத்திரையும் கிடைத்தால் முகம் மலரும். அதனால் ‘ஊசி போடல’ என்ற குறையைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். கூடவே ‘ஏன் வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?’ என்றும் கேளுங்கள். சொல்லாததுதான் நிலையத்தின் குறை.

நோயாளி சொல்லாத குறைகளை நீங்களே கண்ணால் பார்க்கணும். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் உட்கார வைக்கிறார்களா, படியேறி வந்ததுமே பட்டையைச் சுற்றுகிறார்களா? ‘சுகர் பேஷண்ட் வாங்க’ என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறார்களா? கர்ப்பிணியைப் பார்க்கும் கட்டிலுக்குத் திரை இருக்கா? சிறுநீர் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கழிவறையைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பெண் எங்கே போவாள்? சாவி யாரிடம், வாளியில் தண்ணீர் இருக்கா, இரண்டையும் எழுதுங்கள். ஒரே நாளில் சரி செய்யக்கூடியவை இவை.

பெரம்பூர் வாசி:
நன்றிங்க. மதிப்பெண்ணைத் திருப்பவே இல்லை, இப்போதுதான் பார்த்தேன்! வாசலில் கேட்பதா, வீட்டுக்குப் போய்க் கேட்பதா? அனுமதி வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
வளாகத்துக்குள் கேட்பதானால் மாநகர நல அலுவலருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். பேர், போன் நம்பர், ஓ.பி. எண் எதையும் தாளில் எழுத வேண்டாம். கேட்பவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் நிலைய ஊழியர் என்று நினைத்து வாயை அடக்கிக்கொள்வார்கள், சங்க ஆள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே ‘மருந்துச் சீட்டு’ என்பவர் சொன்ன கேள்விகளை மட்டும் கைப்பையில் மருந்து இருக்கும்போதே கேட்கணும், மற்றதைக் கேட் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

வீடும் வேண்டும். வரிசையைப் பார்த்துத் திரும்பியவர், நேரே ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர், யாரும் வாசலில் கிடைக்க மாட்டார்கள். அஞ்சாறு தெருவில் தெருவுக்குப் பத்து வீடு, ஒரே கேள்வி: ‘கடைசியா காய்ச்சல் வந்தப்போ எங்க போனீங்க, ஏன் அங்க?’ ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பார்கள்.