சென்னையில் இன்லைன் ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கிடைக்குமா?

மக்களே, ஒரு உதவி. 2025ல சீனாவுல நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங்ல நம்ம ஆனந்த்குமார் வேல்குமார் தங்கம் ஜெயிச்சதுலேர்ந்து என் பொண்ணு இன்லைன் ஸ்கேட்ஸ் (ஒரே வரிசையில சக்கரம் வச்ச ஷூ) கேட்டு ஒரே நச்சரிப்பு. வயசு 9, வளர்ற கால். அதனால முதல்ல ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். வேளச்சேரி, அடையாறு பக்கம் யாராவது தர்றாங்களா?

வாங்கறதுன்னா டெக்கத்லான் இருக்கு. பெரியமேடு கடைகள்ல விலை குறையுமா? சைஸ் கூட்டிக் குறைக்கிற மாடல், அடியில அலுமினிய ஃபிரேம் வேணும். ஆன்லைன்ல லைட் எரியுற சக்கரத்தைக் காட்டியே விக்கிறாங்க. பேரிங் பத்தி மூச்சு விடமாட்டேங்கிறாங்க!

செகண்ட் ஹேண்டும் ஓகே, பாதம் 21 செ.மீ. சக்கரம் ஒரு பக்கம் தேஞ்சிருந்தா திருப்பிப் போட்டுக்கலாம், கணுக்கால் பிடிப்பு மட்டும் லூசா இருக்கக் கூடாது. வீட்ல சும்மா கிடந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.