1963 கார்வெட் கூப்பே, ஆனால் பின் கண்ணாடி ஒரே துண்டு. எந்த வருட வண்டி இது?

கேள்வி:
மிச்சிகனில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், காலமான தன் அண்ணனின் கார்வெட் ஸ்டிங் ரே கூப்பேயை (மூடிய கூரை உள்ள ஸ்போர்ட்ஸ் கார்) கராஜிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார், ஓட வைக்க உதவுவதாகச் சொல்லியிருக்கிறேன். காகிதத்தில் 1963. ஆனால் அந்த வருட வண்டிக்குப் பின் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும் என்றுதான் படித்திருக்கிறேன், இதில் முழுசாக ஒன்றே ஒன்று. 1964 வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா? பெரியவரிடம் வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது. பானெட்டில் இரண்டு பள்ளம், அதற்குள் அலங்காரக் கிரில் இருக்கிறது.

பதில் 1:
அவரிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். அந்தக் கிரில் 1963க்கு மட்டும் உள்ளது, 1964இல் பள்ளத்தை விட்டுவிட்டு கிரில்லை எடுத்துவிட்டார்கள். ஆனால் பானெட்டை யாரும் மாற்றியிருக்கலாம், அதை நம்பி முடிவு கட்டக்கூடாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு குளவ் பாக்ஸுக்குக் கீழே உள்ள உலோகச் சட்டத்தைப் பாருங்கள், வண்டி எண் தகடு அங்கே இருக்கும். 30837S என்று ஆரம்பித்தால் 1963 கூப்பே, 40837S என்றால் 1964. S என்பது செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை. அப்புறம் பின் கண்ணாடியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நடுவில் உள்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பின்னால் சரியாகத் தெரியவில்லை என்று கண்ணாடியைப் பிரிக்கும் நடுத்தண்டை அறுத்து எறிந்துவிட்டு 1964இன் ஒரே துண்டுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு, அப்படியென்றால் அறுத்த தடம் அங்கே தட்டுப்படும்.

பதில் 2:
அந்தத் தண்டைப் பற்றி, கார்வெட்டைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே பெரிய இழுபறி நடந்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு அது உயிர். 1957இல் பீட்டர் பிராக் போட்ட ஓவியத்திலிருந்து வளர்ந்த உருவம் இது, பிறகு லாரி ஷினோடா அதைச் செதுக்கி முடித்தார். கூரையின் நடுவில் ஓடும் கோடு கண்ணாடியைப் பிளந்துகொண்டு வால்வரை இறங்கும், அதை நடுவில் வெட்டினால் முதுகே உடைந்த மாதிரி இருக்கும் என்பது மிட்செல் பக்கம். பொறியாளர் ஸோரா ஆர்கஸ் டண்டவுக்கோ ஓட்டுபவருக்குப் பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டும். முதல் வருடம் மிட்செல் ஜெயித்தார், 10,594 கூப்பே வெளிவந்தன. 1964இல் தண்டு போய்விட்டது. டண்டவ் சொன்னது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் பக்கவாட்டில் நின்று அந்தக் கோடு மேலேயிருந்து இறங்கி வருவதைப் பார்த்துவிட்டால் மிட்செல் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று புரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
30837S! பக்கத்துத் தகட்டிலும் 63 என்றே இருக்கிறது. உள்பட்டியைக் கழற்றிப் பார்த்தோம், மேலேயும் கீழேயும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஃபைபர் கிளாஸை அரம் போட்டுத் தேய்த்துப் பிசின் பூசிய இடம் சொரசொரவென்று இருக்கிறது. பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதில் அண்ணனோடு போகும்போது பின்னால் பார்க்கக் கழுத்தை வளைத்தது நினைவிருக்கிறதாம். தண்டை மறுபடி வைக்கலாமா?

பதில் 1:
வைக்கலாம், அதற்கான பாகங்கள் கிடைக்கின்றன, ஆனால் ஃபைபர் கிளாஸ் வேலையில் பழகிய கை வேண்டும். கோடு ஒரு நூல் விலகினாலும் கூரையிலிருந்து வால்வரை காட்டிக்கொடுத்துவிடும். முதலில் பிரேக்கைப் பாருங்கள், இந்த வருடத்தில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், இத்தனை நாள் நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர்கள் கசிந்திருக்கும். மறைந்திருக்கும் ஹெட்லைட்டைச் சுழற்றி வெளியே கொண்டுவரும் மோட்டார்களையும் சும்மா ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்கள். கழற்றிய கண்ணாடியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அண்ணன் பொருத்தியதாக இருந்தால் பெரியவர் கேட்பார்.

கேள்வி கேட்டவர்:
அண்ணன்தான் பொருத்தியிருக்கிறார். இப்போதுதான் பெரியவரிடம் கேட்டேன். பழைய போர்வையில் சுற்றி எடுத்துவைக்கப் போகிறாராம்.