மறு: பிராக்சி என்பதற்குப் 'பதிலி' சரிதானா? (படத்தொகுப்புக் கையேடு)

குழுவினருக்கு வணக்கம்.

> பிராக்சி சர்வருக்குப் 'பதிலி' என்று ஏற்கெனவே புழங்குகிறது. படத்தொகுப்புக்கும் அதுவே போதுமே?

போதும் என்றுதான் நானும் நினைத்தேன், ஐயா. கையேட்டின் முதல் வரைவில் அப்படியே எழுதி, எங்கள் எடிட்டிங் அறைச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டினேன்: "பதிலி தயாரான கோப்புறைக்குப் பச்சை நிறம் இடவும்." புதிதாகச் சேர்ந்த உதவியாளத் தம்பி பச்சையைப் பார்த்தான். பழையதற்குப் பதில் புதியது வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். சேமிப்பகத்தில் இடம் வேறு இல்லை. இரண்டு நாள் படப்பிடிப்பின் மூலக் கோப்புகளை அழித்துவிட்டான்.

யாருக்கும் உடனே தெரியவில்லை. நாங்கள் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ், மூலக் கோப்பு இல்லாவிட்டாலும் பிராக்சியை (அதிலிருந்து எடுத்த சிறு பிரதியை) வைத்துக்கொண்டு சமர்த்தாக ஓடும். மூலக் கோப்பு தேவைப்படும் நிறத்திருத்தத்துக்கு உட்கார்ந்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. படப்பிடிப்புக் குழுவிடம் இன்னொரு ஹார்ட் டிஸ்க் இருந்ததால் பிழைத்தோம். தம்பியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் அந்தச் சொல்லை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான்.

> பிராக்சி என்றால் என்ன என்று துறை தெரியாதவர்களுக்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

சரி. கேமராவிலிருந்து வந்த பெரிய வீடியோக் கோப்பைத் தொடாமல், எளிதாக ஓட்டி வெட்டுவதற்காக அதிலிருந்து எடுக்கும் சிறிய பிரதிதான் பிராக்சி. எங்கள் அறையில் நான்கு கணினிகள், நடுவில் ஒரு பொதுச் சேமிப்பகம், எல்லாவற்றையும் இணைப்பது 1 ஜிகாபிட் கம்பி. 4கே அளவில் (3840 × 2160), நொடிக்கு 24 பிரேமில், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வடிவில் வீடியோ ஒன்று ஓடவே நொடிக்கு ஏறத்தாழ 707 மெகாபிட் வேண்டும். அதாவது ஒருவர் ஒரே ஒரு வீடியோவை ஓட்டினாலே கம்பி முக்கால்வாசி நிரம்பிவிடும். இரண்டாமவர் ஓட்டினால் திக்கும். அதே காட்சியை 1080 அளவில் புரோரெஸ் பிராக்சியாக எடுத்தால் 36 மெகாபிட்தான். ஒரு மணி நேரக் காட்சி 318 ஜிகாபைட்டிலிருந்து 16 ஜிகாபைட்டுக்கு இறங்குகிறது. நான்கு பேரும் நிம்மதியாக வெட்டலாம். 10 ஜிகாபிட்டுக்கு மாறுங்கள் என்பீர்கள். மாறத்தான் வேண்டும், முதலாளி மனது வைக்கட்டும்.

ரிசால்வைத் தேர்ந்ததும் பலர் சேர்ந்து வெட்டுவதால்தான். ஒரே திட்டத்துக்குள் பலர் வேலை செய்யலாம், ஒருவர் திறந்து வைத்திருக்கும் பகுதியை மற்றவர் மாற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிராக்சி சர்வர் நமக்காக இணையத்துக்குப் போய்வரும் ஓர் ஆள். அதைப் பதிலாள், பதிலி என்பது பொருந்தும். படத்தொகுப்பில் பிராக்சி ஆள் இல்லை, படி, அதாவது பிரதி. இதை ஒத்த ஒன்று நம் கோடம்பாக்கத்தில் பிலிம் காலத்திலேயே இருந்தது. நெகடிவைத் தொடமாட்டார்கள், அதிலிருந்து அச்சிட்ட ரஷ் பிரிண்டைத்தான் வெட்டி ஒட்டுவார்கள். எல்லாம் முடிந்தபிறகு, 35 மி.மீ. பிலிமின் ஓரத்தில் 16 பிரேமுக்கு ஒருமுறை வரும் எண்ணைப் பார்த்து நெகடிவை அதேபோல் வெட்டுவார்கள். இன்று ஓர எண்ணின் இடத்தில் கோப்பின் பெயரும் டைம்கோடும் (ஒவ்வொரு பிரேமுக்கும் உரிய நேர எண்) இருக்கின்றன. ரஷ் வந்துவிட்டது என்று நெகடிவைக் கொளுத்தியவர் எவரும் இல்லை!

> 'பதில்' உருதுவழி வந்தது. 'பகரி' அல்லது 'மென்படி' எனலாம்.

'பகரி' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பொருள் சொல்ல அருகில் நான் இருக்க வேண்டும். 'மென்படி'யில் மென்பொருளின் வாடை அடிக்கிறது, மென்நகலோ என்று மயங்குவார்கள்.

> ரஷ் பிரிண்ட் போலத்தான் என்றால் 'வேலைப்படி' என்று வைத்துவிடலாமே.

முந்தாநாள் இதைத்தான் அறையில் சொல்லிப் பார்த்தேன். "வேலைப்படி வந்துருச்சா?" என்று கேட்டதும் மூன்று பேர் ஒரே குரலில், "எவ்வளவு அண்ணே?" பஞ்சப்படி, பயணப்படி இருக்கிற நாட்டில், அதுவும் பேட்டா ஓயாத பேச்சாக இருக்கும் சினிமாவில், இந்தச் சொல் ஓடாது.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் தம்பியே சொன்னான்: "அசல் அங்க இருக்கு, நகல்ல வேலை பண்றோம், அவ்வளவுதானேண்ணே?" எனக்குச் சுருக்கென்றது. பத்திரப்பதிவு அலுவலகம் முதல் ஜெராக்ஸ் கடை வரை ஊருக்கே தெரிந்த இணை அது. நகல் கையில் இருக்கிறது என்பதற்காக வீட்டுப் பத்திரத்தின் அசலை யாரும் கிழித்துப் போடுவதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: பிராக்சி 'வேலைநகல்', கேமராவிலிருந்து வந்த கோப்பு 'அசல்'. பேக்கப்புக்குக் 'காப்புநகல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் வெறும் 'நகல்' என்று எங்கும் எழுதக்கூடாது. வேலைநகலைக் காப்புநகல் என்று நம்பினால் மறுபடியும் அதே கதைதான். வெட்டி முடித்ததை மறுபடி மூலக் கோப்போடு சேர்க்கும் ரீலிங்க்கை 'அசலோடு இணை' எனலாம்.

அசல், நகல் இரண்டும் அரபுவழி வந்தவை என்று மறுப்பு வரும், தெரியும். ஐயா, கையேட்டைப் படிக்கப்போவது பத்தொன்பது வயதுப் பையன்கள். இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அழி பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு படிப்பார்கள். அந்த நேரத்தில் 'அசல்' என்ற சொல் அவன் கையைத் தடுக்கும். 'மூலப்படி' தடுக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ரிசால்வில் 'ஆப்டிமைஸ்டு மீடியா' என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் எளிதில் ஓடுவதற்காக எடுக்கும் பிரதிதான், ஆனால் மென்பொருள் தன் உள்வேலைக்கு வைத்துக்கொள்வது. வேலைநகல்போல் வெளியே எடுத்துக் கொடுக்க ஏற்றதல்ல. 'இடைக்கோப்பு' போதும் என்று தோன்றுகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன். நல்லது இருந்தால் எழுதுங்கள்.

வேலைநகலுக்கு மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சுவர்த்தாளை மாற்றி லேமினேட் செய்யக் கொடுக்கிறேன்.